பீங்கான்தோட்டத்தில் பெய்த மழை

பீங்கான்தோட்டம் என்பது சென்னையில் எங்கள் பேட்டையின் பெயர். அங்கே பீங்கானும் கிடையாது, தோட்டமும் கிடையாது. ஆனால் பேட்டைக்கு அடியில் எழுபது அடி ஆழத்தில் ஒரு ரயில் நிலையம் உண்டு, அந்த நிலையத்தை விட்டு வெளியே போக ஒன்பது கேட்டுகள் உண்டு, அந்த ஒன்பதும் ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு பத்து ரயிலில் வந்து இறங்கிய எங்களை வெளியே விடமாட்டேன் என்று நின்றுவிட்டன. கார்டை வைத்துப் பார்த்தோம், துடைத்து வைத்துப் பார்த்தோம், பக்கத்து கேட்டுக்கு ஓடிப் போய் வைத்துப் பார்த்தோம், எங்கே வைத்தாலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறிதான் வந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனபாக்கியம் அம்மாள் முன்னால் வந்தார். நிலையம் கட்டுவதற்காக இடித்த வீடுகளில் அவருடையதும் ஒன்று என்பதால் அந்த இடத்தின்மேல் அவருக்கு எப்போதும் ஒரு கோபம் இருந்தது.

"நீ நிக்கிறது எங்க வீட்டு அடுப்படிக்கு நேர் கீழே, தெரியுமா உனக்கு?" என்று கேட்டைப் பார்த்துக் கேட்டார். "இருபது வருஷம் மேலே நின்னு சோறு வடிச்சவ நான். ஒரு நாள் கஞ்சி கால்ல கொட்டிச்சு, இந்தா தழும்பு. என்னையே மறிக்கிறியா நீ?"

கேட்டு திறந்தது. தனபாக்கியம் அம்மாள், திறக்காமல் என்ன செய்யும் என்பதுபோல், திரும்பிக்கூடப் பார்க்காமல் நகரும் படிக்கட்டில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு இரவுக்குள் எங்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மேலே இருக்கிற தெருவில் நமக்கு நடந்த ஒன்றை, நம் கண்ணால் பார்த்த ஒன்றை, நம் வாயால் கேட்டிடம் சொல்ல வேண்டும். ஒரு தரம் சொன்னதை மறுபடி சொன்னால் திறக்காது. பொய் சொன்னால் திறக்காது. அடுத்தவருடைய ஞாபகத்தை நம்முடையதாக்கிச் சொன்னாலும் திறக்காது. இந்தக் கடைசி விதியில்தான் எங்கள் ஆட்கள் கொத்துக்கொத்தாக மாட்டினார்கள், ஏனென்றால் எங்கள் வீடுகளில் ஒரு கதையைப் பத்து தரம் கேட்டவன் பதினோராவது தரம் தானே அங்கே நின்றதாகச் சொல்வதுதான் வழக்கம். தாத்தா சுருட்டு பிடித்தபடி சாரட்டு வண்டியை நிறுத்தின கதையைச் சொல்லி மூன்று பேரன்கள் மூன்று கேட்டில் சிவப்பு வாங்கினார்கள். தன் கல்யாண ஊர்வலத்தைத் தானே மேளக்காரர்களுக்கு நடுவில் நின்று பார்த்ததாகச் சொன்ன ஒருவருக்கும் சிவப்பு விழுந்தது, அவர் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தாராம், அது கேட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாபகம் இல்லாதவர்கள் அடுத்த நிலையம் வரை போய் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வரலாம், அங்கே கேட்டுகள் கார்டோடு திருப்திப்பட்டன. ஆனால் அப்படி வருவது கொஞ்ச நாளில் கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் "மாப்பிள்ளை எங்கே இறங்குறார்?" என்று கேட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனிடம் ஒரு ஞாபகம் சொல்லு பார்க்கலாம் என்றார்கள். ஐந்தாறு வாரத்தில் சில்லறை ஞாபகங்கள் எல்லோருக்கும் தீர்ந்து போகவே, சாயங்காலம் வெளியே வருவதற்காகக் காலையிலேயே ஏதாவது செய்துவைக்கிற பழக்கமும் வந்தது. வங்கியில் வேலை பார்க்கிற சாதுவான மனிதர் ஒருவர் தினமும் காலையில் யாராவது ஒருவரோடு சண்டை போட்டுவிட்டுத்தான் ரயிலேறினார். இரண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பாரிமுனையில் நோட்டுப் புத்தக மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிற நான், லோகநாதன், ஐம்பது வயதில் ஒரு காலை தெருமுனை வேப்ப மரத்தில் ஏறினேன். எதற்கு ஏறினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, பக்கத்துக் கிளையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

இதில் ரொம்பவும் சிரமப்பட்டவர் நிலைய அதிகாரி எபிநேசர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மாற்றலில் வந்தவர், ரயிலில் வந்து ரயிலில் போகிறவர் என்பதால் மேலே இருக்கிற தெருவை அவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அவர் பொறுப்பில் இருந்த நிலையத்திலிருந்து அவரால் மட்டும் வெளியே வர முடியவில்லை. ஒரு நாள் அடுத்த நிலையம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து தெருவில் இறங்கியதும் ஓர் ஆட்டோ அவர் காலில் ஏறியது. மறுநாள் கட்டோடு நொண்டிக்கொண்டே வந்து, அதை கேட்டிடம் சொல்லி, அது திறந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவர் கல்யாணப் போட்டோவில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இனி மரகதக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்ததே அவளைப் பற்றித்தான்.

மரகதவல்லி தலைமைத் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் இருக்கிறவள். பத்து கிராம் கூடினாலும் கூடினதுதான், பிரித்து எடுத்துவிட்டு வா என்பாள், அமைச்சர் வீட்டு பார்சலாக இருந்தாலும் அதேதான். அவள் புருஷன் கஜபதி லிஃப்ட் மெக்கானிக். மகள் சுபாஷிணிக்கு இரண்டரை வயது நடக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். கஜபதியைப் பற்றி பேட்டை முழுக்கத் தெரிந்த கதை ஒன்று உண்டு. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், வைகாசி பதினொன்றாம் தேதி சனிக்கிழமை, பீங்கான்தோட்டம் பஸ் நிறுத்தத்தில் நாலு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன மரகதம் ஏழு மணிக்குத்தான் வந்தாள், அதுவரை மூன்று மணி நேரம் கொட்டுகிற மழையில் ஓர் அடி நகராமல் கஜபதி நின்றார் என்பது அந்தக் கதை. சுபாஷிணிக்கு அப்பாவைப் பற்றித் தானாக ஒரு ஞாபகமும் கிடையாது, முகம்கூட போட்டோவில் பார்த்ததுதான். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் அவள் அப்பா என்று வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னாலும் அதைத்தான் எழுதினாள், பெண் பார்க்க வந்த மூன்று பேரை வேண்டாம் என்று சொன்னதற்கும் அதைத்தான் காரணம் சொன்னாள்.

இவ்வளவு பெரிய ஞாபகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரகதக்கா ஒன்றரை வருஷமாக அதைத் தொடவே இல்லை. ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட் உடைந்தது, பூனை மீன் பையைத் தூக்கிக்கொண்டு போனது, செருப்பு அறுந்தது என்று சின்னச் சின்னதாகச் சொல்லியே காலத்தை ஓட்டினாள். அக்கா சிக்கனம், நல்லதைக் கடைசிக்கு வைத்திருக்கிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அதைச் சொல்கிற அன்றைக்கு ஒன்பது கேட்டும் ஒன்றாகத் திறந்துவிடும் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது.

அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. சுபாஷிணி அன்றைக்கு வேலையிலிருந்து நேராக அம்மாவின் தபால் நிலையத்துக்குப் போய், அவளோடு ஆறு பத்து ரயிலில் வந்து இறங்கினாள். நானும் அதே பெட்டியில்தான் வந்தேன்.

"அம்மா, இன்னைக்கு அதைச் சொல்லும்மா," என்றாள் சுபாஷிணி. "நான் பக்கத்துல நின்னு கேக்கணும்."

"இன்னைக்கு எதுக்கு? காலைல பால்காரன் சைக்கிள் சாஞ்சிது, அதைச் சொல்லிக்கலாம்."

"கல்யாண நாள் அன்னைக்கு பால்காரனாம்மா?"

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சொல்லுக்கா சொல்லுக்கா என்றார்கள், சும்மா இருந்திருக்கலாம், நானும் சொன்னேன். மரகதக்கா ஒரு தரம் எங்கள் எல்லோரையும் பார்த்தாள். பிறகு கேட்டுக்கு முன்னால் போய், தேதி, கிழமை, பஸ் நிறுத்தம், மழை, மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

சிவப்பு விழுந்தது.

சுபாஷிணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா நீ பால்காரனைச் சொல்லு, போயிடலாம் என்று மெதுவாகச் சொன்னாள். மரகதக்கா கையை விடுவித்துக்கொண்டு, திரும்பி நடந்து, பிளாட்பாரத்துக்குப் போகிற வழியில் இருந்த பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். "அது தப்பு காட்டுது. சரி பண்ணட்டும், போறேன்," என்றாள்.

அப்படி உட்கார்ந்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. தபால் நிலையத்துக்கு லீவு சொல்லி அனுப்பினாள். இரவில் பெண் ஊழியர்கள் ஓய்வறையில் படுத்தாள், காலையில் முதல் ரயிலுக்கு முன்னால் பல் தேய்த்து, தலைவாரி, பெஞ்சுக்கு வந்துவிட்டாள். இந்தப் பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வந்தது, அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வந்தது, கொண்டு வந்தவர்கள் திரும்பி வெளியே போக ஆளுக்கொரு ஞாபகத்தைச் செலவழித்தார்கள், அதைப் பெரிதாக யாரும் நினைக்கவில்லை. எபிநேசர்தான் தவித்துப் போனார்.

"நீங்க இப்படி இருந்தா மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும் பாத்துக்கிடுங்க," என்றார். "ஒரு செருப்பு அறுந்ததையாவது சொல்லிட்டுப் போங்கம்மா. உங்க கையில வேற ஞாபகமா இல்ல?"

"இருக்கு தம்பி. உங்க மெஷினு என் வீட்டுக்காரரைப் பொய்யின்னு சொல்லிடுச்சு. அதை அப்படியே விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

பேட்டை இரண்டாகப் பிரிந்தது. கேட்டு இதுவரை தப்பு செய்ததில்லை என்றவர்களைக் கேட்டுக் கட்சி என்றும், மழை பெய்தது என்றவர்களை மழைக் கட்சி என்றும் சொன்னார்கள். கேட்டுக் கட்சிக்காரர் ஒருவர் எங்கிருந்தோ அந்தத் தேதி செய்தித்தாளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, வறண்ட வானிலை, வெயில் நூற்று ஆறு டிகிரி என்று போட்டிருப்பதை அக்காவிடம் காட்டினார். அக்கா அதை நிதானமாகப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "ஊருக்கு வெயில் அடிச்சிருக்கும். எங்க பஸ் ஸ்டாப்புல மழை பெஞ்சுது," என்றாள். அந்தப் பதில் வந்ததும் கேட்டுக் கட்சியிலிருந்து பாதிப் பேர் மழைக் கட்சிக்கு வந்துவிட்டார்கள்.

சுபாஷிணி சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு மழை பெய்தது என்று எழுதி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவில்லை, முப்பது பேர் அப்போது மதுரையில் இருந்தவர்கள், ஒருவர் பிறவியிலேயே கையெழுத்துக் கேட்டால் மறுக்கத் தெரியாதவர். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தக் காகிதத்தை அவள் கேட்டுக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். கேட்டுக்குப் படிக்கத் தெரியவில்லை.

அப்போதுதான் ஆறு பத்து ரயில் வந்தது. அதிலிருந்து முதலில் இறங்கிய தையல்கடை சம்சுதீன் பாய், அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், நேராக ஒன்றாம் கேட்டுக்குப் போனார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைக்கு நானும் இருந்தேன். நல்ல மழை," என்றார். சிவப்பு விழுந்தது. அவர் நகரவில்லை. இரண்டாம் கேட்டில் தனபாக்கியம் அம்மாள், "துணி காயப் போட்டிருந்தேன், எல்லாம் நனைஞ்சு போச்சு," என்றார், அங்கேயும் சிவப்பு. வங்கிக்காரர் ஆலங்கட்டி மழை என்றார். மரத்தில் எனக்குப் பக்கத்துக் கிளையில் இருந்தவர் முழங்கால் அளவு தண்ணீர் என்றார். ஒன்பது கேட்டிலும் ஒன்பது சிவப்பு எரிந்துகொண்டிருக்க, ஆறு பதினெட்டு ரயில் வந்தது, ஆறு இருபத்தாறு ரயில் வந்தது, இறங்கிய ஒவ்வொருவரும் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் பங்குக்கு மழை பெய்யவைத்தார்கள், அவரவர் கையில் உண்மையான ஞாபகம் ஒன்று காலையிலிருந்து தயாராக இருந்தும் ஒருவர்கூட அதை எடுக்கவில்லை, எடுத்தால் அக்காவைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று நினைத்தார்கள். நான் இடி என்றேன். மின்னல் என்றும் சேர்த்துச் சொன்னேன். சிவப்பு விழுந்தபோது எனக்கு வெட்கமாக இல்லை, பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு மணிக்கு உள்ளே எள் போட இடமில்லை. எபிநேசர் ஒரு நாற்காலியில் ஏறி நின்று, யாராவது ஒருத்தர் உள்ளதைச் சொல்லுங்க, வயசானவங்க இருக்காங்க, மூச்சு முட்டுது பாத்துக்கிடுங்க என்று கெஞ்சினார். அந்த நேரத்தில் சுபாஷிணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஐந்தாம் கேட்டுக்கு வந்து அதன் கண்ணாடிமேல் இரண்டு கையையும் வைத்தாள்.

"எங்கப்பா மூணு மணி நேரம் மழையில நின்னாரு," என்றாள்.

சிவப்பு.

"நின்னாரு. எனக்கு அவரைப் பத்தித் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதுவும் இல்லைன்னா அப்புறம் எனக்கு யாரு அவரு?"

சிவப்பு விழுந்தது. அவள் மறுபடி சொன்னாள், மறுபடி விழுந்தது. அவள் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள், அது விழுந்துகொண்டே இருந்தது.

மரகதக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். எங்களுக்கு நடுவில் வழி உண்டாயிற்று. மகளின் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு கேட்டைப் பார்த்தாள், பிறகு கேட்டைப் பார்க்காமல் மகளைப் பார்த்துப் பேசினாள்.

"நாலு மணிக்கு நான் வந்துட்டேன்," என்றாள். "உங்கப்பா வரலை. அஞ்சாச்சு, ஆறாச்சு, வரலை. தெரிஞ்சவங்க பாக்கிறாங்கன்னு ரேஷன் கடை சுவருக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். ஏழு மணிக்கு ஓடி வராரு. சுத்தி பாக்கிறாரு. நான் இன்னும் வரலைன்னு நெனச்சுக்கிட்டாரு. அங்க ஒரு அடிபம்பு இருந்திச்சு. அதுக்குக் கீழ குனிஞ்சு, ஒரு கையால அடிச்சு அடிச்சு, தலையை நனைச்சாரு, சட்டையை நனைச்சாரு. அப்புறம் போய் ஸ்டாப்புல நின்னு நடுங்க ஆரம்பிச்சாரு. அடிச்ச வெயிலுக்குத் தரையெல்லாம் பொரியுது, இவரு நடுங்கறாரு."

கூட்டத்தில் யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

"நான் அப்பதான் வர்ற மாதிரி வந்தேன். மூணு மணி நேரமா மழையில நிக்கிறேன் மரகதம்னாரு. மன்னிச்சிடுங்க, லேட்டாயிடுச்சுன்னேன். அவரு சாகற வரைக்கும் எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. இவ்ளோ மெனக்கெட்டு ஒருத்தன் எனக்காகப் பொய் சொல்றானே, இவனை விட்டுடக் கூடாதுன்னு தோணிச்சு, கட்டிக்கிட்டேன். உனக்கு அவரு நல்லவராவே இருக்கட்டும்னுதான் மழையை அப்படியே வச்சுக்கிட்டேன்."

கேட்டு திறந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் அது அவ்வளவு மெதுவாகத் திறந்து நான் பார்த்ததில்லை. மரகதக்கா பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், அவள் பின்னால் அது மூடிக்கொண்டது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுபாஷிணி நின்றாள்.

நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாவம் இந்தப் பெண், இருந்த ஒரு அப்பாவும் போய்விட்டார் என்று நினைத்தேன்.

"பேண்ட்டு?" என்றாள் சுபாஷிணி.

"என்னது?"

"பேண்ட்டையும் நனைச்சுக்கிட்டாரா?"

"இல்ல," என்றாள் மரகதக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "பேண்ட்டை மறந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ மொடமொடன்னு இருந்திச்சு."

சுபாஷிணி முதலில் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள், அடிபம்பு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள், எந்தக் கையால் அடித்தார் என்று கேட்டாள், சட்டை என்ன நிறம் என்று கேட்டாள், இடது கை என்றும் ஊதா நிறம் என்றும் மரகதக்கா சொல்லச் சொல்ல, இருபத்தெட்டு வருஷமாகப் போட்டோவில் மட்டும் இருந்த ஒருவர் ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டு குனிந்து நிற்பதை எங்கள் எல்லோராலும் பார்க்க முடிந்தது. எபிநேசர் நாற்காலியிலிருந்து இறங்கவே இல்லை.

"சரி, நீ வா. வீட்ல விளக்கு ஏத்தி மூணு நாளாச்சு," என்றாள் மரகதக்கா.

சுபாஷிணி கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மேலே இருக்கிற தெருவில் நடந்ததைத்தான் கேட்டு கேட்கும் என்பது எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"எங்கப்பா லேட்டா வந்தாருன்னு எனக்குத் தெரியக்கூடாதுன்னு," என்று ஆரம்பித்தாள், "எங்கம்மா மூணு நாள் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தாங்க."

கேட்டு கொஞ்ச நேரம் யோசித்தது. பச்சையும் காட்டவில்லை, சிவப்பும் காட்டவில்லை. சுபாஷிணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அந்தப் பக்கம் மரகதக்கா நின்றாள், பின்னால் ஆறேழு ரயில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

பிறகு அது திறந்தது.